ரோடு தாட்டிவிட்டவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முழங்கை. கஞ்சி போட்டுத் தேய்த்த அரைக்கைச் சட்டையின் விளிம்பு என் விரல்களில் மொடமொடவென்று உரசும். அதற்குக் கீழே வெயிலில் காய்ந்த தோலும் உருண்டையான எலும்பும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, மாட்டை ஓட்டிப் போகிறவர்போல ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போவார். ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சார், நீங்க என்னயப் புடிக்க வேணாங்க. நான் உங்க கையப் புடிச்சிக்கிறேன். நீங்க கொஞ்சம் முன்னாடி நடந்தாப் போதுங்க." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி முழங்கையை என் பக்கம் நீட்டினார். அன்றிலிருந்து அவர் ஓய்வுபெறும் காலம் வரை, அலுவலகம் இருந்த எல்லா நாளும் காலையும் மாலையும் அந்த முழங்கை எனக்காக நீண்டது.

அவர் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். எல்லோருக்கும் சூப்பிரண்டு சார். நான் அங்கே தட்டச்சர். பள்ளியில் சேரும் முன்பே ஒரு காய்ச்சலில் எனக்குப் பார்வை போய்விட்டது. பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் நிலம், கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. அப்பா என்னைச் சேலத்தில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு நான் மற்றவர்களைவிட வேகமாகவே தட்டச்சு செய்வேன். தருமபுரியில் வேலை கிடைத்தபோது அப்பா கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல. "ரோடு எப்படிம்மா?" என்றுதான் கேட்டார்.

ரோடு மோசம்தான். நான் தங்கியிருந்த பெண்கள் விடுதி நாற்சந்தியின் ஒரு பக்கம், அலுவலகம் மறுபக்கம். சேலம் பேருந்தும் கிருஷ்ணகிரிப் பேருந்தும் அங்கேதான் திரும்பும். சூப்பிரண்டு சாரின் வீடு விடுதிப் பக்கத்து முனையில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில். அதனால் நாங்கள் இருவரும் தினமும் ஒரே இடத்தில் ஒரே ரோட்டைக் கடக்க வேண்டியவர்கள். எங்கள் பக்கத்தில் ரோட்டைக் கடக்க உதவுவதைத் தாட்டி விடுவது என்பார்கள். "வாம்மா, தாட்டி வுடறேன்" என்பார். கடக்கும்போது சும்மா வரமாட்டார். தக்காளி ஏற்றிய லாரி நிற்கிறது, கல்யாண பேனர் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது, மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்த நகரத்தை எனக்குப் பாதிக்குமேல் காட்டியவர் அவர்தான். அவருடைய மகன் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தான். எனக்கு அப்பா ஊரில் இருக்க, தருமபுரியில் இன்னொரு அப்பா இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். விடுதித் தோழிகளிடம் அப்படியே சொல்லவும் சொல்வேன்.

ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது அவருக்குத்தான் முதலில் கவலை வந்தது. "நான் போனப்பொறம் இந்தப் பொண்ண யாரு தாட்டி வுடுவாங்க?" என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டார். காது கேட்டு ரோட்டைக் கடக்கும் காலமும் போய்க்கொண்டிருந்தது. பேருந்து வருவது தூரத்திலேயே தெரியும். பேட்டரி ஸ்கூட்டர் வருவது, அது நம்மைக் கடந்து போன காற்று முகத்தில் பட்ட பிறகுதான் தெரியும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு என்னை அவரே அழைத்துப் போனார். கடப்பதற்குச் சத்தம் கொடுக்கும் சிக்னல் வேண்டும் என்று எனக்காக அவரே பேசினார். போகப்போகச் சலித்துப்போய் நானே விட்டுவிடலாம் என்றபோதும் அவர் விடவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த சிக்னல் வந்ததற்கு அவர்தான் காரணம்.

வேலையைப் பார்க்க ஓர் இளம் பெண் பொறியாளர் வந்தார். வரைபடத்தை மேசையில் விரித்து என்னிடம் விளக்குவது வீண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னை ரோட்டுக்கு அழைத்துப் போய், நான் எங்கே தயங்குகிறேன், எங்கே காலால் தேடுகிறேன் என்று கூடவே நடந்து கவனித்தார். நடைபாதை முடியுமிடம் செங்குத்தாக இறங்குகிறதா, சரிவாக இறங்குகிறதா என்பது எனக்கு முக்கியமா என்று கேட்டார். சூப்பிரண்டு சார் முந்திக்கொண்டு, "அதெல்லாம் அவளுக்கு நான் சொல்லிருவேங்க" என்றார். "அவங்களே சொல்லட்டுங்க சார்" என்றார் பொறியாளர். நான் சொன்னேன். சரிவு மட்டும் இருந்தால் சக்கர நாற்காலிக்கு நல்லது, ஆனால் நடைபாதை எங்கே முடிந்தது, ரோடு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் சரிவின் அடியில் குமிழ் குமிழாகப் புடைத்த ஓடுகள் பதித்தார்கள். செருப்புக்கு அடியில் அது தெரிந்தால் நிற்க வேண்டும். கம்பத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பொத்தான். அதன் அடியில் விரலால் தடவினால் ஓர் அம்புக்குறி, எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று காட்டும். காத்திருக்கும்போது மெதுவாக டொக், டொக் என்று கேட்கும். வண்டிகள் நின்றதும் சத்தம் விரைவாகும். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் நடந்து முடிக்கிற அளவுக்கு அது நீடிக்கும். நடுவில் தடுப்புச் சுவரை வெட்டி, நின்று மூச்சு வாங்க ஓர் இடமும் விட்டார்கள்.

முதல் நாள் நான் தனியாகக் கடந்தபோது அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். விரைவுச் சத்தம் தொடங்கியது. நடந்தேன். நடு இடத்தில் நிற்கக்கூட இல்லை. எதிர்க்கரையின் ஓடுகள் காலுக்கடியில் வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யார் கையையும் பிடிக்காமல், யார் வருகைக்கும் காத்திருக்காமல் ஒரு பெரிய ரோட்டைக் கடப்பது அதுதான் முதல் தடவை. "வந்துட்டியா" என்றார். "அவ்வளவுதான், இனிமே நான் வேணாம்" என்று சேர்த்துக்கொண்டார். அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த ஒரு வருஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறையும். அதற்கு முன் நான் வெளியே போன ஒவ்வொரு பொழுதும் இன்னொருவருடைய நேரத்தில் இருந்து எடுத்தது. பூ வாங்க வேண்டும் என்றால் யாருக்கு எப்போது வசதி என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போக வேண்டும் என்றால் சனிக்கிழமையே சொல்லிவைக்க வேண்டும். சிக்னல் வந்த பிறகு நான் காரணமில்லாமல் வெளியே போனேன். மல்லிகை முழம் போடும் இடத்தில் நின்று வாசம் பிடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். மழை வரும்போல இருக்கிறதே என்று தோன்றியும் போனேன், நனைந்தேன். நான் எங்கே போகிறேன் என்று ஒருவருக்கும் தெரியாத அரைமணி நேரம் எவ்வளவு பெரியது என்பது அது கிடைக்காமல் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சார் இதற்குள் ஓய்வுபெற்றிருந்தார். சில நாள் மாடியிலிருந்து குரல் வரும். "எங்கம்மா போயிட்டு வர?" சும்மாதான் சார் என்பேன், கையை ஆட்டிவிட்டு நடப்பேன்.

ஒரு காலையில் கம்பத்தருகே போய் நின்றேன். சத்தம் இல்லை. பொத்தானை அழுத்தினேன், திரும்பவும் அழுத்தினேன். வண்டிகள் நிற்பதும் கிளம்புவதும் கேட்டது. ஆகவே விளக்கு வேலை செய்கிறது, ஒலி மட்டும் போய்விட்டது. என்ன செய்வதென்று நிற்கும்போதே பக்கத்தில் அவர் குரல் கேட்டது. "ரிப்பேரும்மா. நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஏதோ பார்ட்ஸ் சென்னையிலிருந்து வரணுமாம்." பிறகு பழைய மாதிரியே முழங்கையை நீட்டினார். எனக்கு அப்போது அழுகையே வந்தது. ஓய்வுபெற்ற மனுஷன், காலையில் சட்டை போட்டுக்கொண்டு எனக்காக இறங்கி வந்திருக்கிறாரே என்ற நன்றியில் வந்த அழுகை.

அப்படியே நாட்கள் போயின. பார்ட்ஸ் வரவில்லை. நான் விசாரிக்கிறேன் என்றபோதெல்லாம், உனக்கு எதுக்கு அலைச்சல், நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேனே என்றார். அவர் பேசினால் நடக்கும் என்பதை நான் நேரில் பார்த்தவள், அதனால் நம்பினேன். அந்தப் பெண் பொறியாளர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பூசைக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு ஞாயிறு மட்டும், பண்டிகைக்கு முந்தின வாரம், போகாமல் இருக்க முடியவில்லை. கம்பத்தருகே நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். பேருந்து நின்றது, ஆட்டோ நின்றது. சரி என்று இறங்கினேன். பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வந்த சத்தமே கேட்கவில்லை. வெள்ளைக் கோல் இரண்டாக உடைந்தது, நான் கை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனைக்குச் சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா ரசம் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டார். சார் கட்டில் ஓரம் உட்கார்ந்து என் மாவுக்கட்டின் மேல் கையை வைத்தார். அழுகிறார் என்பது மூச்சில் தெரிந்தது. "நான் இல்லாம ஏம்மா எறங்கின?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் அவரைத்தான் தேற்றினேன். என் அவசரம்தான் சார், நீங்கள் எதற்கு வருத்தப்படுகிறீர்கள் என்றேன். அதன் பிறகு ஞாயிறும் வந்தார்.

உண்மை தெரிந்தது ஒரு மத்தியானம். அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, அலுவலகப் பக்கத்துக் கம்பத்தருகே நின்று சாருக்குப் போன் செய்யப் போனேன். இரும்பு ஏணி ஒன்று கம்பத்தில் உரசும் சத்தம். விளக்கு மாற்ற ஆள் வந்திருக்கிறார் என்று புரிந்தது. "பார்ட்ஸ் வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன். "என்ன பார்ட்ஸ்ங்க?" என்றார் மேலே இருந்தவர். இந்தச் சத்தம் போடுகிற பெட்டிக்கு, ரிப்பேர் என்றார்களே என்றேன். அவர் இறங்கி வந்து கம்பத்தில் இருந்த ஒரு சிறிய கதவைத் திறந்தார். அடுத்த கணம் டொக், டொக், டொக் என்று அந்தச் சத்தம் என் முகத்துக்கு நேரே கேட்டது. "நல்லாத்தாங்க இருக்குது. ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம். எதிர்த்தாப்புல மாடி வூட்டு சார் கம்ப்ளைன்ட் பண்ணாரு, தூக்கம் கெடுதுன்னு. ராத்திரிக்கு மட்டும் சத்தத்த நிறுத்திடலாம், பகல்ல இருக்கட்டும்னு நாங்களே சொன்னோங்க. அவருதான் வேணாம்னாரு. கண்ணு தெரியாத பொண்ணு ஒண்ணுக்காக வெச்சது, அது மாத்தலாகிப் போயிருச்சு, இப்ப யாரும் இந்தப் பக்கம் வர்றதில்லன்னாரு."

சொன்ன பிறகுதான் என் கையில் இருந்த புதுக் கோலைப் பார்த்திருப்பார் போல. பேச்சு நின்றுவிட்டது. சத்தம் மட்டும் டொக், டொக் என்று போய்க்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மேலதிகாரியைக் கேட்காமல் முடியாது என்று தயங்கிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் விட்டுவைக்கிறேன் என்றார். அது விரைவானதும் நான் நடந்தேன். மறுபக்கம் போய், படியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, மாடி ஏறினேன்.

சார் பனியனோடு இருந்திருக்க வேண்டும். என் குரல் கேட்டதும் சட்டையை உதறிப் போட்டுக்கொண்ட சத்தம். இந்நேரத்துக்கு எப்படி வந்தாய் என்றார். நானே வந்தேன், சத்தம் வருகிறது என்றேன். ஜன்னல் வழியாக அது அங்கேயும் கேட்டது. நான் எதையும் கத்திக் கேட்கவில்லை. மாற்றலாகிப் போய்விட்டேன் என்று ஏன் சார் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமினார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, இவளுக்குத் தலைவலி, டாக்டரே சொன்னார் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினார். விஷயம் தெரியாத அவர் மனைவி சமையலறையிலிருந்து தண்ணீரோடு வந்து, "எனக்கென்ன தலைவலி? அந்தச் சத்தம் இருந்தப்ப நல்லாத் தூங்கினேன். நின்னப்பொறந்தான் என்னமோ வெறிச்சுனு இருக்குது" என்றார்.

அந்த அம்மாவின் கையிலிருந்து செம்பை வாங்கிக் குடித்தேன். பிறகு சார் சொன்னார், மெதுவாக, என்மேல்தான் குறை என்பதுபோல: "ஒரு வருஷம். கீழதான போற, வர்ற. ஒரு நாளு மேல ஏறி வந்து, எப்படி இருக்கீங்க சார்னு கேட்டியா? காலைல எந்திரிச்சா எனக்கு ஒரு வேல இல்ல. யாருக்கும் நான் வேணாம். உன்னயத் தாட்டி வுட்டப்ப நாலு பேரு பாப்பாங்க, வணக்கம் சொல்வாங்க."

"கூப்புட்டிருந்தா வந்திருப்பேங்க சார்" என்றேன். "தினமும் வந்திருப்பேன்."

கை முறிந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த அம்மா மட்டும், என்ன நடந்தது, யாராவது சொல்லுங்களேன் என்று எங்கள் இருவரையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

மாற்றலாகிப் போன பெண் பொறியாளரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் இங்கே உள்ளவர்களிடம் சொல்ல, சத்தம் முறையாகத் திரும்ப வந்தது. ராத்திரியில் அடங்கும், விடிந்ததும் எழும். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்குத்தான் நான் அத்தனை மாதம் காத்திருந்தேன். அலுவலகத்தில் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பாவம், வயசானவர், பாசத்தில் செய்திருப்பார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாசம் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் அவர் அழுதது நடிப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. அந்த மாவுக்கட்டின் மேல் கைவைத்து அழுதவர், மறுநாள் காலையிலேயே ஒரு போன் செய்திருக்கலாம். அழுதுவிட்டு, அடுத்த வாரமும் பார்ட்ஸ் வரவில்லை என்று சொன்னார். நான் அடுத்த வாரமும் நன்றி சொன்னேன். முன்பின் தெரியாதவர் ஒருவர் தூக்கத்துக்காக அணைக்கச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். இவர் எனக்காக அதை வாங்கித் தந்தவர். அது எனக்கு என்ன என்று உலகத்தில் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்.

இப்போதெல்லாம் யாராவது உதவ வந்தால் எனக்கு உடம்பு இறுகிவிடுகிறது. வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் நல்ல மனதோடு கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வது அவர்களுக்குக் கடுமையாகப் படுவது தெரிகிறது. இவர்கள் எதை அணைத்துவிட்டு வந்து நிற்கிறார்களோ என்று ஒரு நொடி தோன்றாமல் இருப்பதில்லை. அந்த ஒரு நொடியை எனக்குள் வைத்துவிட்டுப் போனவர் அவர்.

அவர் மகனோடு இருக்கப் பெங்களூருக்குக் கிளம்பிய வாரத்தில் ஒரு தடவை கம்பத்தருகே வந்து நின்றார். காத்திருக்கும் சத்தம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. யார் என்றும் தெரிந்தது. பிறகு, "பேச மாட்டியாம்மா?" என்றார்.

என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் விரைவாகிவிட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"சத்தம் வந்துருச்சுங்க சார். நான் போறேன்" என்றேன்.

நடந்தேன். நடு இடம் வந்தது, போனது. மறுகரையில் ஏறியதும் அலுவலகத்துக்குள் போகாமல் திரும்பி நின்றேன். அவர் அங்கேயே நிற்கிறாரா, என் பின்னால் வந்தாரா, திரும்பிப் போய்விட்டாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குள் வண்டிகள் கிளம்பிவிட்டன. அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.